மலைக்கிராமத்தில் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது எப்படி? வயிற்றுப்போக்கில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியிருக்கும் சிற்றூர்களுக்குத் தன்னார்வலர்களோடு போய் வருகிறவள் நான். நர்சிங் படிக்கிற பெண்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், வேலைக்கு நடுவே சனி ஞாயிறு வருகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். யாருக்கும் அக்கறையில் குறை இல்லை. தடுக்கி விழுவதெல்லாம் வரிசையில்தான். கேட்க வேண்டிய நாளில் பேசிவிடுவார்கள். பொருள் ஊருக்குள் வந்து சேரும் முன்பே பாடம் நடத்திவிடுவார்கள். ஒரே மாலையில் கைகழுவுதல், ரத்தசோகை, டெங்கு, தடுப்பூசி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டால், பிஸ்கட் கொடுத்தது மட்டும் ஊருக்கு நினைவிருக்கும்.

அதனால் இங்கே ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: சின்னக் குழந்தைக்கு வயிற்றால் போனால் வீட்டில் என்ன செய்வது. முதலில் இதை எடுப்பதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் எல்லா ஊரிலும் வருவது, மருந்து மலிவு, செய்ய வேண்டியது தாயின் கையிலேயே இருப்பது, இரண்டு நாளில் பலன் தெரிவது. முதல் பாடத்தில் பலனைக் கண்ணால் பார்த்த ஊர், இரண்டாவது பாடத்துக்குத் திண்ணையில் இடம் கொடுக்கும்.

## 1. ஊருக்குப் போகும் முன் செவிலியரைப் பாருங்கள்

முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். வட்டார மருத்துவ அலுவலரிடம், எந்த ஊர், எத்தனை மாதம், எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் அந்த ஊரைப் பார்த்துக்கொள்ளும் கிராம சுகாதார செவிலியரைச் சந்தியுங்கள். புதன்கிழமை வேண்டாம். அன்று தடுப்பூசி நாள், அவருக்கு நிமிர நேரம் இருக்காது.

மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. சமவெளியில் இது 5,000. மலையில் குறைவுதானே என்று தோன்றும். அந்த 3,000 பேரும் பத்துப் பதினைந்து சிற்றூர்களில், பேருந்து போகாத பாதையில் சிதறிக் கிடப்பார்கள். செவிலியர் தன் ஸ்கூட்டியை எந்த மரத்தடியில் நிறுத்திவிட்டு நடக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், உங்கள் பயணத் திட்டமும் தயாராகிவிடும்.

அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்? போன மழையில் எந்த ஊரில் பேதி அதிகம்? ஓஆர்எஸ் பொட்டலமும் (தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொடி) சிங்க் மாத்திரையும் (துத்தநாகச் சத்து) எவ்வளவு கிடைக்கும்? இரண்டும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் நடக்கும். அதை ஒட்டிப் போனால் கேட்ட அளவு கிடைக்கும்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்த ஒரு குழுவை எனக்குத் தெரியும். நேராக ஊருக்குள் போய், செவிலியர் சொன்னதற்கு மாறாக ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். ஊர் யாரை நம்பும்? கடைசியில் இருவரையும் நம்பவில்லை. நீங்கள் வருகிறவர், போகிறவர். நடுராத்திரி ஊர்க்காரர்கள் போனில் கூப்பிடப்போவது செவிலியரைத்தான். அவருடைய வார்த்தைக்கு எடை கூட்டும்படி உங்கள் வேலை அமைய வேண்டும்.

## 2. முதல் இரண்டு பயணம்: கேட்பதற்கு மட்டும்

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்க்கவுண்டர், நாட்டார், ஊர்ப் பெரியவர் என்று யார் இருக்கிறாரோ அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். கையோடு பால்வாடி டீச்சரையும், ஊரில் ஆஷா பணியாளர் (ஊர்ப் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் சுகாதாரப் பணியாளர்) இருந்தால் அவரையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆஷா எல்லா ஊரிலும் கிடையாது. மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

பிறகு வீடு வீடாக உட்கார்ந்து கேளுங்கள். கேட்கும் முறை முக்கியம். "குழந்தைக்குப் பேதியானால் என்ன செய்வீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால், "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்றுதான் வரும். அது உங்களுக்காகச் சொல்லும் பதில். இப்படிக் கேளுங்கள்: "கடைசியா இந்த வீட்டுல எந்தப் பிள்ளைக்கு வயித்தால போச்சு? அன்னைக்குக் காலையில முதல்ல என்ன குடுத்தீங்க? யாரைக் கேட்டீங்க?" நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும்.

ஒரு வீட்டில் ஆயா ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "குடுக்கக் குடுக்கப் போயிட்டேதான் இருக்கும்மா. அதான் தண்ணிய நிறுத்திட்டோம். பானையில ஓட்டை இருந்தா தண்ணி ஊத்துவியா?" அவர் கணக்கில் தவறே இல்லை. உள்ளே போனது வெளியே வருகிறது, உள்ளே போவதை நிறுத்தினால் வெளியே வருவது நிற்கும். நாம் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்குக்கு. சுவரொட்டியில் இருக்கும் வாசகம் இதற்குப் பதில் ஆகாது. எப்படிப் பதில் சொல்வது என்பதை 6-ம் படியில் சொல்கிறேன். அவருடைய ஓட்டைப் பானைதான் அங்கே பாடம்.

அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மாந்தம், செரியாமை, பல்லு முளைக்கிற பேதி, குடல் ஏறிக்கிச்சு, உச்சி இறங்கிப்போச்சு. இதில் 'உச்சி இறங்குவது' தங்கம் போன்ற சொல். கைக்குழந்தையின் தலை உச்சியில் மெத்தென்று இருக்கும் குழி உள்வாங்குவது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். பாட்டிகள் அதைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள், பெயரும் வைத்திருக்கிறார்கள். நாம் புதிதாக ஒரு சொல் கொண்டு போக வேண்டியதில்லை.

இந்த இரண்டு பயணத்தில் அறிவுரை வேண்டாம். நாக்கு துறுதுறுக்கும், தெரியும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் படி இதுதான். ஒரு முறை திருத்திவிட்டால், அடுத்த வீட்டிலிருந்து எல்லோரும் 'சரியான' பதிலையே சொல்வார்கள். சின்ன ஊரில் செய்தி உங்களைவிட வேகமாக நடக்கும்.

## 3. ஒரே செய்தியாகக் குறையுங்கள்

கேட்டதை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஜவ்வாது மலையில் எங்களுக்கு வந்து நின்றது இது: *போகப் போகக் கொடு.* அதாவது ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடு, பாலையும் சோற்றையும் நிறுத்தாதே.

கைகழுவுவது முக்கியமில்லையா? முக்கியம்தான், அது அடுத்த மாதம். குடிநீரைக் காய்ச்சுவது? விறகு சுமந்து வரும் பெண்ணிடம் ஐந்து நிமிடம் கொதிக்க வை என்று சொல்லும் முன், அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் கூட நடந்து பாருங்கள். பிறகு பேசலாம்.

ஒரு செய்தி என்றால், ஊரிலிருக்கும் பத்து வயதுப் பையன் அதைத் தன் பாட்டியிடம் ஒரு மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நீளமானால் பாதியில் அறுந்துவிடும். அறுபடும் இடம் பெரும்பாலும் அளவு. அளவு அறுந்தால் ஆபத்து.

## 4. பேசும் முன் பொருள் ஊருக்குள் இருக்கட்டும்

பொட்டலம் இல்லாத ஊரில் பொட்டலத்தைப் பற்றிப் பேசுவது, இலை போடாமல் விருந்துக்கு அழைப்பது மாதிரி. குழந்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் பேதியாகும். துணை சுகாதார நிலையம் அப்போது பூட்டியிருக்கும்.

ஊரிலேயே ஒரு வீட்டைப் பொட்டல வீடாக ஏற்பாடு செய்யுங்கள். எந்த வீடு என்பதை ஊர்ப் பெண்களே சொல்லட்டும். நாம் தேர்ந்தெடுத்தால் வசதியான வீட்டையோ நன்றாகப் பேசும் பெண்ணையோதான் தேர்ந்தெடுப்போம். ஒரு ஊரில் நாங்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். அந்த வீட்டுக்கும் கீழ்த்தெருவுக்கும் நிலத்தகராறு. கீழ்த்தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. தகராறு இருப்பது எங்களுக்குத் தெரிந்ததே மூன்றாம் மாதத்தில்தான்.

அந்த வீட்டில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் 20 பொட்டலம், சிங்க் மாத்திரை அட்டைகள், ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று வையுங்கள். ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும், எனவே அடுப்பங்கரை மூலையும் ஒழுகும் கூரையும் ஆகாது. தீர்ந்தால் செவிலியரிடம் வாங்குவது யார் பொறுப்பு என்று அன்றே பேசி முடித்துவிடுங்கள். நீங்கள் கொண்டுவந்து நிரப்புகிற பழக்கம் வேண்டாம். நீங்கள் வராத மாதத்தில் டப்பா காலியாகவே கிடக்கும்.

பொட்டலத்தில் இரண்டு அளவு உண்டு. ஒரு லிட்டருக்கான பெரியது, ஒரு டம்ளருக்கான (200 மி.லி.) சின்னது. ஒரு ஊருக்கு ஒரே அளவுதான் போக வேண்டும். இரண்டும் கலந்து போனால், பெரியதை டம்ளரில் கொட்டுவது உறுதி.

கடையில் ஓஆர்எஸ் என்ற பெயரை ஒட்டி அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களைப் பற்றியும் பொட்டல வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் அந்தச் சொல் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பழைய பெட்டி எங்காவது கிடக்கலாம். அதில் சர்க்கரை அதிகம், உப்புச் சத்து போதாது. பேதியைக் கூட்டத்தான் உதவும்.

## 5. ஒரு லிட்டர் என்றால் எது?

இந்த ஒரு விஷயத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நான் மிகைப்படுத்தவில்லை.

ஒரு லிட்டர் பொட்டலத்தில் சுமார் 20.5 கிராம் பொடி இருக்கும்: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. குடல் தண்ணீரை உறிஞ்ச உப்பும் குளுக்கோஸும் இந்த விகிதத்தில் சேர்ந்து வர வேண்டும். தண்ணீர் குறைந்து கரைசல் கெட்டியானால், அது குழந்தையின் உடம்பிலிருந்தே நீரை இழுக்கும், ரத்தத்தில் உப்பு ஏறும். தண்ணீர் கூடினால் பலன் குறையும். கெட்டியாவதுதான் அதிக ஆபத்து.

ஊரில் "ஒரு லிட்டர் அளவு கொண்டு வாங்க" என்று கேட்டோம். ஒருவர் சொம்பு கொண்டு வந்தார், ஒருவர் படி. இன்னொருவர் பெருமையோடு டாஸ்மாக் ஃபுல் பாட்டிலை நீட்டினார். "இது லிட்டர்தானே?" இல்லை, அது 750 மி.லி. அந்த பாட்டிலில் கலக்கினால் கரைசல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கெட்டி. சொம்பு ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தோம். 600-ம் இருந்தது, 1,300-ம் இருந்தது.

எளிய வழி: ஒரு லிட்டர் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில். சந்தைக்குப் போகிறவர்களிடம் சொன்னால் காலி பாட்டில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு வீட்டுச் சொம்பிலும் குண்டானிலும் அந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் வெளிப்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். பெயின்ட் தேய்ந்துவிடும், கீறல் போகாது. யார் பாத்திரமோ அவரே கீறட்டும்.

## 6. சுரைக்குடுக்கைக் குழந்தை

இனிதான் பாடம். இந்த உத்தி என் கண்டுபிடிப்பு இல்லை. பல நாடுகளில் கிராம சுகாதாரப் பணியாளர்கள் செய்வதுதான்.

காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பாட்டில் போதும். கண், வாய் வரையுங்கள். உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்குத் துளை. அடியில் சின்ன ஓட்டை போட்டுக் குச்சியால் அடைத்துவிடுங்கள். குடுக்கை முட்ட முட்டத் தண்ணீர் ஊற்றி, உச்சித் துளை மேல் மெல்லிய நனைந்த துணியைத் தண்ணீரைத் தொடும்படி போடுங்கள். துணி மேடாக நிற்கும்.

இப்போது அடிக்குச்சியைப் பிடுங்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிய வடிய உச்சித் துணி உள்ளே குழிந்து இறங்கும். இந்த இடத்தில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. எந்தத் திண்ணையிலும் அரை நிமிடத்துக்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: "அய்யோ, உச்சி இறங்குது பாரு!"

அப்போது ஓட்டைப் பானை ஆயாவிடமே கேளுங்கள்: "ஆயா, ஓட்டையை இப்ப அடைக்க முடியாது. அது தானா அடையும், ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் பானை வத்தாம இருக்க என்ன செய்யலாம்?" நாங்கள் கேட்டபோது ஆயா எழுந்து வந்து தானே சொம்பை எடுத்து மேலே ஊற்றினார். துணி மேலே வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, இன்னொரு சொம்பு ஊற்றினார். அதற்கு மேல் நான் விளக்கியிருந்தால் கெடுத்திருப்பேன்.

கூட்டம் எட்டு, பத்துப் பேரைத் தாண்ட வேண்டாம். எல்லோர் கையும் குடுக்கையைத் தொட வேண்டும். பள்ளிக்கூட ஹாலும் மைக்கும் வேண்டாம், ஒரு வீட்டுத் திண்ணை போதும். நேரம், சமையல் முடிந்த மாலை. சந்தை நாளிலும், சாமை அறுவடை, புளி உலுக்குகிற நாட்களிலும் ஆள் வராது, வரச்சொல்லவும் கூடாது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் பெண்கள் மொத்தமாக இருப்பார்களே என்று ஆசை வரும். அங்கே பாத்திரம் இல்லை, தண்ணீர் இல்லை, கலக்கிப் பார்க்க முடியாது. தேதி சொல்ல மட்டும் அந்த இடம் நல்லது.

சுவரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தவறான பழக்கத்தை வரைந்து அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட படங்களை நான் ஒரு காலத்தில் சுமந்து போனேன். ஒரு பெண் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை கணக்குல தப்பு பண்ணிருச்சா?" என்றார். பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான் அந்தக் குறி 'கூடாது'. மற்றவர்களுக்கு மனத்தில் தங்குவது படம் மட்டும். செய்ய வேண்டியதை மட்டும் வரையுங்கள்.

## 7. அவர்களே கலக்கட்டும்

நீங்கள் கலக்கிக் காட்டுவது ஒரே ஒரு முறை. பிறகு ஒவ்வொருவராக. வரிசை இது:

1. சோப்பு போட்டுக் கைகழுவுதல். (அடுத்த மாதப் பாடத்தின் விதை இங்கேயே விழுகிறது. விளக்க வேண்டாம், செய்ய வைத்தால் போதும்.)
2. கோடு கீறிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் குடிநீர். காய்ச்சி ஆறியது இருந்தால் நல்லது.
3. பொட்டலம் முழுவதும் ஒரே தடவையில். மூலையில் ஒட்டியிருப்பதையும் தட்டிக் கொட்ட வேண்டும்.
4. கரையும் வரை கலக்கி, ருசி பார்த்தல். கண்ணீரைவிட அதிகம் கரிக்கக் கூடாது.
5. மூடி வைத்தல். 24 மணி நேரம் கழித்து மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகள்: பொட்டலத்தை நாலாகப் பிரித்து டம்ளர் டம்ளராகக் கலப்பது (பொடி சமமாகப் பிரியாது). கலக்கிய பின் அடுப்பில் வைத்துச் சூடாக்குவது. பிடிக்கட்டும் என்று இன்னும் சர்க்கரை போடுவது. பொடியை அப்படியே குழந்தையின் நாக்கில் வைப்பது. ஆரஞ்சு வாசனை வேறு, பெரிய பிள்ளைகள் திருடி நக்குவார்கள். டப்பாவை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் அளவு: இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை போன பிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், அதாவது 50 முதல் 100 மி.லி. இரண்டு வயதுக்கு மேல் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர். கைக்குழந்தைக்குச் சங்கிலோ கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாக. பால் பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள், கழுவ முடியாத ரப்பர் காம்புதான் பாதிப் பேதிக்குத் தாய்வீடு.

வாந்தி எடுத்தால்? பெரும்பாலான தாய்மார்கள் நிறுத்துவது இந்த இடத்தில்தான். எனவே நடித்துக் காட்டுங்கள்: பத்து நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி. அவசரப்பட்டு டம்ளரோடு ஊற்றினால் மறுபடி வரும்.

சிங்க் மாத்திரை: 14 நாள். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 மி.கி., அதாவது அரை மாத்திரை. கரண்டியில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். பேதி மூன்றாம் நாள் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் என்ன என்று கேட்பார்கள். குடல் புண் ஆறவும், அடுத்த இரண்டு மூன்று மாதம் பேதி மறுபடி வராமல் இருக்கவும்தான் மிச்ச நாள் என்று சொல்லுங்கள். 14 நாள் எண்ணுவதற்கு, தீர்ந்த மாத்திரைக் குழியை ஆணியால் குத்தி வைக்கச் சொன்னோம், பலித்தது.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். "வீட்டுல மாமியார் கேட்டா எப்படிச் சொல்லுவ? எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். விடுபட்டது எதுவோ அதை மட்டும் திருத்துங்கள்.

பொட்டலம் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதையும் கடைசியில், கலக்குவது கைக்கு வந்த பிறகு சொல்லலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. முதல் நாளே இதைச் சொல்லாதீர்கள். கரண்டி வீட்டுக்கு வீடு மாறும், உப்பு கூடிவிடும். அதைவிட, துளி உப்பு போட்ட சாமைக் கஞ்சித் தண்ணீர் தவறு நேராத மாற்று. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தரலாம்.

## 8. எப்போது மலை இறங்குவது?

வீட்டில் பார்த்துக்கொள் என்று சொன்ன அதே நாளில், எப்போது வீட்டில் இருக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாத பாடம் ஆளைக் கொல்லும்.

குழந்தை குடிக்காமல் இருப்பது, குடிப்பதெல்லாம் வாந்தியாவது, துவண்டு கிடப்பது, கண் குழிவிழுவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. இதில் ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் எந்த அடையாளத்துக்கும் காத்திருக்க வேண்டாம். போகும் வழியிலும் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

தோலைக் கிள்ளிப் பார்ப்பதை நல்ல குழந்தையிடம் முதலில் செய்து காட்டுங்கள். சட்டென்று படிவது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தால்தான் மெதுவாகப் படிவது தெரியும்.

அடுத்து வழி. 108-ஐக் கூப்பிடு என்று சொல்வது சுலபம். ஊரில் எங்கே சிக்னல் கிடைக்கும்? ஒரு ஊரில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறினால்தான் இரண்டு கோடு வரும். வண்டி எதுவரை வரும்? அதற்கு மேல் யார் தூக்குவது? வண்டி ஓட்டுநருக்கு வழி சொல்ல எந்த அடையாளம்? இவற்றை ஊர் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசி, பொட்டல வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். பைக் வைத்திருக்கும் மூன்று பேருடைய போன் எண்ணும் அங்கே இருக்கட்டும். மூன்று ஏன் என்றால், ஒருவர் திருப்பூரில் வேலைக்குப் போயிருப்பார், ஒருவர் வண்டியில் பெட்ரோல் இருக்காது.

## 9. மாமியாரும் மந்திரிப்பவரும்

பாடத்துக்கு வருவது இளம் தாய்கள். வீட்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் மாமியார். அவரில்லாமல் நடத்திய பாடம் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். எனவே முதல் திண்ணைக்குப் பாட்டிகளை அழையுங்கள். அடுத்த திண்ணைக்கு மருமகள்கள். அவர்களுக்குப் பாட்டிகளே குடுக்கையைக் காட்டட்டும்.

மந்திரிப்பவரையும் தனியாகப் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் வைத்து அவரை மறுத்தீர்களோ, முடிந்தது கதை. திருநீறும் வேப்பிலையும் குழந்தைக்கு ஒன்றும் செய்துவிடாது. கெடுதல் செய்வது தாமதம்தான். கேட்க வேண்டியதும் அதைப் பற்றித்தான்: "பெரியவரே, உங்ககிட்ட வந்ததும் முதல்ல இந்தத் தண்ணியைக் குடுக்கச் சொல்லிட்டு அப்புறம் மந்திரிங்க. மலத்துல ரத்தம் வந்தா உடனே கீழ அனுப்பிடுங்க." எனக்குத் தெரிந்த ஒருவர் இப்போது மடியில் பொட்டலம் வைத்திருக்கிறார். ஊர் அவரிடம் முன்பைவிட அதிகம் போகிறது. பேர் அவருக்குப் போகட்டுமே, நமக்கென்ன.

சூடு வைப்பது, குடல் தட்டுகிறேன் என்று வயிற்றை அழுத்துவது போன்றவை வேறு கதை. அவற்றை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதையும் செவிலியரைக் கூட வைத்துக்கொண்டு, தனியே பேசுங்கள்.

## 10. திரும்பப் போய்ப் பாருங்கள்

பாடம் முடிந்து பத்து நாளுக்குள் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. சொல்லாமல் போய், ஏதாவது ஒரு வீட்டில் "ஒரு பொட்டலம் கலக்கிக் காட்டுங்க அக்கா" என்று கேளுங்கள். ஐந்து வீட்டில் நால்வர் அளவு சரியாகக் கலக்கினால் ஊர் தேறிவிட்டது. இருவர்தான் என்றால் 5-ம் படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் கோளாறு பாத்திரத்தில் இருக்கும்.

கிழித்த காலி உறைகளை ஒரு பையில் போட்டு வைக்கும்படி பொட்டல வீட்டுப் பெண்ணிடம் சொல்லுங்கள். அதுதான் உங்கள் கணக்கு. ஆனால் உறை அதிகம் இருந்தால் பாராட்டாதீர்கள். ஒரு தடவை நான் பாராட்டிவிட்டேன். அடுத்த மாதம் பை நிறைந்திருந்தது, ஊரில் ஒரு குழந்தைக்கும் பேதி இல்லை. எனக்கு மனம் குளிரட்டும் என்று பிரித்துக் குடித்திருக்கிறார்கள்.

பாதிக்கப்பட்ட குழந்தையைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையோ பேதி நிறுத்தும் மாத்திரையோ உங்கள் பையில் இருக்கவே கூடாது. யாராவது கேட்டு, நீங்கள் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவீர்கள்.

## 11. அடுத்த பாடத்துக்குப் போவது

மூன்றாம் மாதம் ஊரே கேட்கும். எங்களிடம் முதலில் கேட்டது பாம்புக்கடி பற்றி. வரிசை அதேதான்: கடைசியாக யாரைக் கடித்தது, முதலில் என்ன செய்தார்கள் என்று கேட்பது, அப்புறம் ஒரே செய்தி. இங்கே அது *அசைக்காதே, கட்டாதே, கீறாதே, கிளம்பு*. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் பிளேடால் கீறுவதும் காலையே இழக்க வைக்கும். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசையாமல் குச்சி வைத்துத் துணியால் தளரக் கட்டித் தூக்கிப் போக வேண்டும். இறுக்கும் கட்டு வேறு, அசையாமல் வைக்கும் கட்டு வேறு. இந்த வித்தியாசத்தை விரலைச் செருகிப் பார்த்துக் காட்டுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

பேசும் முன் பொருள் என்ற 4-ம் படி இதிலும் உண்டு. விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் எப்போதும் இருப்பு உண்டு, இரவில் மருத்துவர் இருப்பாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அருகில் இருக்கும் நிலையத்தில் இல்லையென்றால் நேராக எங்கே போவது என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் திண்ணையில் உட்கார வேண்டும். மற்றபடி சிக்னல் பாறை, பைக் வைத்திருக்கும் மூன்று பேர், சுவரில் எழுதிய வழி எல்லாம் ஏற்கெனவே தயார். எங்கள் ஊரில் அந்தக் கரி எழுத்து மழையில் அழிந்ததும், கீழ்த்தெருப் பையன் ஒருவன் சுண்ணாம்பில் மறுபடி எழுதி வைத்திருந்தான். அவனுடைய எண்ணையும் நாலாவதாகச் சேர்த்திருந்தான்.